பூஜ்யம் எழுதிய கை

சிதம்பரம் தெற்கு வீதியில் நான் காவலாளியாக இருக்கும் ஜவுளிக்கடையின் மாடிக்குப் பதினான்கு படிகள். ஆடித் தள்ளுபடி தொடங்கிய வாரத்தில் ஒரு காலை, ஒன்பதாவது படியில் நின்றுவிட்டேன். நிற்கச் சொன்னது கால் இல்லை, மூச்சு.

கீழே தையல் மிஷினில் உட்காரும் அக்கா நிமிர்ந்து பார்த்து, "என்னா மிலிட்டரி, பாதியிலயே கேம்ப் போட்டுட்டீங்க?" என்றார். சிரித்தேன். சிரிப்பதற்கும் மூச்சு வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது.

நான் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். பனிமலை உச்சியில் ஒரு குளிர்காலம் காவல் இருந்திருக்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் அப்படி உயரத்தில் இருந்து திரும்பியவர்கள் இருக்கலாம், அவர்களைக் கட்டிக்கொண்டவர்கள் இருக்கலாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. நோய்ப் பெயர்களை டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் குறித்துத் தெரிந்துகொண்டவன்.

இரண்டு வாரம் அதை வாயுத் தொல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என் மனைவி கலைச்செல்வி என் சாக்ஸைக் கழற்றிப் பார்த்தாள்.

"என்னங்க, சாக்ஸு அச்சு எம்மாம் ஆழம் பதிஞ்சிருக்கு பாருங்க. இடது காலு மட்டும் வேற யாரோட காலு மாதிரி இருக்குது."

"நின்னுகிட்டே இருக்கிற வேலைடி."

"ரெண்டு கால்லயும்தான நிக்கிறீங்க?"

சாக்ஸை அவள் கையிலிருந்து வாங்கி மறுபடி மாட்டிக்கொண்டேன்.

சிதம்பரத்தில் ஒரு நெஞ்சக மருத்துவர் எக்கோ எடுத்தார் (ஒலி அலைகளால் இதயத்தைப் பார்க்கும் பரிசோதனை). பிறகு நரம்பில் மருந்து செலுத்தி சி.டி. ஸ்கேன். அவர் வயதில் சின்னவர், அதிகம் பேசாதவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். டாக்டர் நெடுநேரம் பார்க்கிற படம் நல்ல படமாக இருக்காது. அதற்குப் படிப்பு வேண்டியதில்லை.

நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாய்களில் பழைய இரத்தக்கட்டிகள் ஒட்டிக் கிடக்கின்றன என்றார். அவை கரையாமல் தழும்பாகிவிட்டதால் குழாய்களுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்தின் வலது பக்கம் களைத்துக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட கட்டி பெரும்பாலும் காலில் உண்டாகி, பிய்த்துக்கொண்டு மேலே போய் அடைக்குமாம். எம்பாலிசம் என்று சொன்னார் (நகர்ந்து போன கட்டி குழாயை அடைப்பது). பனிமலையில் காவல் இருந்ததைச் சொன்னேன்.

"மலையில இருந்தப்ப கெண்டைக்கால் வலி வந்துச்சா? திடீர்னு மூச்சு வாங்குச்சா?"

"இல்ல டாக்டர்."

யோசித்துச் சொன்னது இல்லை. யாராவது உடம்பைப் பற்றிக் கேட்டால் என் வாய் தானாகச் சொல்லும் பதில் அது.

மறுநாள் கலைச்செல்வி டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து வந்து டாக்டரிடம் கொடுத்தாள். மலையில் எங்களை வைத்து நடந்த ஆராய்ச்சியின் படிவங்கள். என் பங்குக்கு ஒரு நகல் கொடுத்திருந்தார்கள். தலைவலி, கெண்டைக்கால் வலி, மூச்சுத்திணறல், இருமல் என்று நான்கு கட்டங்கள். ஒவ்வொரு காலையும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண் போட வேண்டும். டாக்டர் தாள்களைப் புரட்டினார். மேலிருந்து கீழே பூஜ்யம். மறுபக்கமும் பூஜ்யம்.

"ராணுவ டாக்டருங்க நாள் தவறாம எழுதி வாங்கியிருக்காங்க. ஒரு தொந்தரவும் இல்ல. அப்ப மலையால வந்தது இல்லன்னுதான் எடுத்துக்கணும். காரணம் இல்லாம கட்டி உண்டாச்சுன்னா, உடம்புல வேற எங்கயாவது புத்துநோய் ஒளிஞ்சிருக்கான்னு தேடணும். வயித்துலேர்ந்து ஆரம்பிக்கலாம்."

கலைச்செல்வியின் கை என் சட்டை நுனியைப் பிடித்தது. வெளியே நடைபாதைக்கு வந்ததும், "சாமி, சாமி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பயந்துகொண்டிருந்தது நான் எழுதிய எழுத்துக்கு. திரும்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"டாக்டர், அந்தத் தாளு பொய். நான்தான் எழுதினேன்."

நடந்தது இதுதான். உயரத்தில் காற்று மெலிந்து இரத்தம் கெட்டிப்படும். தண்ணீர் குடிக்கத் தோன்றாது. பனிப்புயல் வந்தால் கூடாரத்தில் நாள் கணக்கில் படுத்தே கிடக்க வேண்டும். இதனால் சிப்பாய்களுக்குக் கட்டி உண்டாவதைத் தடுக்க ராணுவ மருத்துவர்கள் ஒரு வழி தேடினார்கள். இறுக்கமான காலுறை, அளந்து குடிக்கத் தண்ணீர், படுத்தபடியே கணுக்கால் பயிற்சி. இவை பலன் தந்தால் மேலே போகிற எல்லோருக்கும் உத்தரவாக்குவார்கள். அதற்குத்தான் அந்தப் படிவம்.

எங்கள் பிரிவில் பத்துப் பேர். பேனா மை உறைந்துவிடும், பென்சில்தான். கையுறையோடு எழுத வராது, கழற்றினால் விரல் போகும். என் கையெழுத்து நன்றாக இருந்ததால் பத்துப் பேருக்கும் நானே எழுதினேன். முதல் வாரம் ஒவ்வொருவரையும் கேட்டு எழுதினேன். ஒருவன் உண்மையாகத் தலைவலிக்கு மூன்று சொன்னான். ஹெலிகாப்டர் வந்து அவனைக் கீழே கொண்டுபோனது. அவனுடைய பதவி உயர்வுப் பயிற்சி போயிற்று. அவன் சுமையை மற்றவர்கள் பங்கிட்டுத் தூக்கினார்கள். அன்று எங்கள் சமையல்காரர், "ஹவில்தார் சாப், உங்க பென்சிலு துப்பாக்கிய விட மோசம், ஒரே குறியில ஆள எடுத்துருச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அடுத்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மண்ணெண்ணெய் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, மீதி ஒன்பது பேருக்கும் ஏழு நாளுக்கும் ஒரே மூச்சில் பூஜ்யம் போட்டேன். காலுறை அரிக்கிறது என்று பாதிப் பேர் கழற்றி எறிந்திருந்தார்கள். 'அணிந்தார்' என்று டிக் போட்டேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. என் ஆட்களைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் எனக்கே இடது கெண்டைக்கால் நான்கு நாள் வலித்தது. பண்ருட்டிக்குப் பக்கத்து அண்ணாகிராமத்துக்காரன் முருகவேல் என் பிரிவில் இருந்தான். கடுகெண்ணெயைச் சூடாக்கி, பாவம், அரை மணி நேரம் என் காலை நீவிவிட்டான். மறுநாள் காலை நெஞ்சில் குத்தி மூச்சு அடைத்தது. இரண்டு நாளில் கொஞ்சம் தணிந்தது. அந்த வாரமும் பூஜ்யம்தான்.

டாக்டர் கேட்டு முடித்துவிட்டு, "நீவினாங்களா?" என்று மட்டும் கேட்டார். கட்டி இருக்கும் காலைத் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் அது கிளம்பிவிடும்.

படிவத்தின் அடியில் இருந்த எண்ணுக்கு அன்றே போன் செய்தேன். இரண்டு அலுவலகம் மாறி, அந்த ஆராய்ச்சியில் இருந்த பெண் மேஜர் டாக்டர் கிடைத்தார். மதுரைப் பக்கத்துக்காரர். எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"உங்க பிரிவுத் தாளு மட்டும் அழுக்கே இல்லாம இருந்துச்சு ஹவில்தார் சாப். சந்தேகம் வந்துச்சு. ஆனா சந்தேகத்த வச்சு ஒருத்தர் கையெழுத்தப் பொய்யின்னு அடிக்க முடியல."

"திட்டுங்க மேடம்."

"திட்ட நேரம் இல்ல. அந்தக் காலுறையையும் கணக்கையும் நம்பி இப்பவும் பசங்க மேல இருக்காங்க. அத நாங்க பாக்குறோம். உங்க ஆளுங்க ஒம்போது பேரு எங்க இருக்காங்க? மொதல்ல அவங்களக் கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். ஏழு பேர் எடுத்தார்கள், பரிசோதனைக்குச் சம்மதித்தார்கள். உண்மையைச் சொல்லிக் கீழே இறங்கியவன் அந்த ஏழு பேரில் ஒருவன். நன்றாக இருக்கிறான். எட்டாவது எண்ணை ஒரு பெண் எடுத்தார். எங்கள் பிரிவில் இருந்த தன்சிங்கின் மனைவி. போன வருடம் தன்சிங் வயலில் நின்றபடியே சரிந்து இறந்துவிட்டாராம். மாரடைப்பு என்றார்களாம். மலையில் ஒரு வாரம் முழுக்க தன்சிங் இருமியது எனக்கு நினைவிருக்கிறது. அவன் வரிசையில் நான் என்ன எழுதினேன் என்பதும் நினைவிருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று மேஜரிடம் கேட்டேன். "இனிமே தெரிஞ்சுக்க முடியாது" என்றார்.

கடைசியாக முருகவேல். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"மச்சான்! உசுரோடதான் இருக்கியா? காலா? முந்திரிக் காட்டுல நாள் பூரா நின்னா யானைக்கே காலு வீங்கும். எனக்கும் வலது காலு பத்து நாளா கல்லு மாதிரி இருக்குது. சாயங்காலம் ஆனா இவ சூடா எண்ண போட்டு நீவி வுடுறா, தேவலாம்."

"நீவாத முருகா. அவள கைய எடுக்கச் சொல்லு. இப்பவே."

"என்னாடா, பொண்டாட்டி காலு புடிக்கிறது உனக்குப் பொறுக்கலியா?"

சொன்னேன். அவன் நம்பவில்லை. காலையில் நானும் கலைச்செல்வியும் பஸ் ஏறினோம். நெல்லிக்குப்பத்தில் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக வழியை அடைத்து நின்றன. பஸ் நகரவில்லை. நடத்துநர், "ஆலை கூப்பிட்டாத்தான் அவன் நகருவான், அவன் நகந்தாத்தான் நாம" என்றார். அவர் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு ஒரு காலுக்குள் நின்றுகொண்டிருக்கும் கட்டி கண்முன்னால் வந்தது. யார் கூப்பிடக் காத்திருக்கிறது அது?

போய்ச் சேர்ந்தபோது முருகவேல் நாற்காலியில் உட்கார்ந்து காலை முக்காலியில் வைத்திருந்தான். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம். கலைச்செல்வி யாரிடமும் எதுவும் கேட்காமல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டுபோய் வாசலில் ஊற்றினாள்.

கடலூரில் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள் (குழாயில் இரத்தம் ஓடுகிறதா என்று காட்டும் பரிசோதனை). ஸ்கேன் எடுத்த அம்மா முருகவேலின் தொடையில் கருவியை வைத்து அழுத்தினார். "நல்ல ரத்தக்குழாய் அழுத்துனா அமுங்கிடும்" என்றார். மறுபடி அழுத்தினார். திரையில் அந்தக் கறுப்பு வட்டம் வட்டமாகவே இருந்தது. பழைய தழும்பின் மேல் புதுக் கட்டி, தொடை வரைக்கும்.

முருகவேல் வழியெல்லாம் கேலி பேசிக்கொண்டு வந்தவன். படுக்கையில் மருந்து ஏறத் தொடங்கியதும் என் பக்கம் திரும்பினான்.

"மச்சான், அன்னிக்கி மேல உன் கால நான்தான நீவினேன்?"

"ஆமா."

"அப்ப நான்தானா?"

"நீ காலப் புடிச்சே. பென்சிலப் புடிச்சது நானு" என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் கட்டி நகரவில்லை. மூன்று வாரத்தில் எழுந்து நடந்தான்.

எனக்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்கிறார்கள். சென்னையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதுவரைக்கும், அதற்குப் பிறகும், இரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. மாதம் ஒரு முறை ஐ.என்.ஆர். பரிசோதனை (சாதாரண இரத்தத்தைவிட நம் இரத்தம் உறைய எத்தனை மடங்கு நேரம் எடுக்கிறது என்று காட்டும் எண்). என் நேரம் இப்போது கண்ணாடிக் குழாயில் அளக்கப்படுகிறது. இரண்டுக்குக் கீழே போனால் கட்டி, மூன்றுக்கு மேலே போனால் இரத்தப்போக்கு. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான் நான் குடியிருக்கிறேன்.

மேஜர் டாக்டர் புதுப் படிவங்கள் அனுப்பியிருக்கிறார். பழையதைப் பற்றியும் நினைவில் இருப்பதை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பச் சொன்னார். அனுப்பிவிட்டேன். தன்சிங்கின் வரிசையில் அந்த ஏழு நாளுக்கும் 'இருமினார். நான் கேட்கவில்லை' என்று எழுதினேன்.

கடையில் எனக்குக் கீழ்த்தளக் காவல் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் காலையில் ஒரு முறை மாடிக்குப் போகிறேன். ஒன்பதாவது படியில் உட்கார்ந்து, பையிலிருந்து படிவத்தை எடுக்கிறேன். இது பேனாவால் எழுதுவது. மூச்சு: இரண்டு. கெண்டைக்கால்: ஒன்று. தையல் அக்கா கீழிருந்து, "இன்னிக்கி எத்தினி மார்க்கு?" என்று கேட்கிறார். எண்ணைச் சொல்லிவிட்டு, மீதி ஐந்து படிகளைப் பார்த்துக்கொண்டு, உடம்பு போகலாம் என்று சொல்லும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.