கருமணி செங்கோட்டை

என் மகள் தன் துணிக்கடையின் வெப்சைட் பெயரை மாற்றப் போகிறாள். கடைசியில் .இன் என்று இருப்பதை எடுத்துவிட்டு .காம் போட வேண்டுமாம். அப்போதுதான் பெரிய இடம் என்று நினைப்பார்களாம். நான் தென்காசி தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவன். இந்த வால் பிரச்சினை எங்கள் கவுண்டருக்கு எழுபதுகளிலேயே வந்துவிட்டது.

அப்போது வியாபாரிகள் தந்திக்கென்று ஒரு சுருக்கப் பெயரைப் பதிந்துகொள்வார்கள். ஒரே ஒரு சொல், அதன் பின்னால் தந்தி ஆபீஸ் இருக்கும் ஊர். அவ்வளவுதான் விலாசம். மிளகு வியாபாரி சங்கரபாண்டி அண்ணாச்சியின் விலாசம் ‘கருமணி செங்கோட்டை’. கடையையும் வீட்டையும் தென்காசிக்கு மாற்றியதும் புதிதாகப் பதிய வந்தார். கூட வந்த தரகர் சும்மா விடவில்லை.

“குத்தாலம்னு போடுங்க அண்ணாச்சி. பம்பாய்க்காரனுக்கும் தெரிஞ்ச ஊருல்லா?”

“நான் என்ன அருவியையா விக்கேன்? கடை இங்கன இருக்கு” என்றவர் என்னிடம் திரும்பி, “தென்காசின்னே எழுது, தம்பி” என்றார்.

எழுதினேன். செங்கோட்டையை ரத்து செய்துவிடலாமா என்று கேட்டேன்.

“அது கெடக்கட்டும். அங்க வார தந்திய இங்க திருப்பிவிடச் சொல்லு. மலையாளத்து ஏவாரிக அதுக்குத்தான் அடிக்காங்க.”

மலையாளத்து வியாபாரிகளும் சீக்கிரமே புது விலாசத்துக்குப் பழகிவிட்டார்கள். பழைய விலாசத்துக்கு ஒரு தந்தியும் வரவில்லை. ஆனாலும் கிழிந்த சாக்கைக்கூடத் தைத்து வைத்துக்கொள்ளும் அந்த மனிதர், வருஷம் தவறாமல் பணம் கட்டி இரண்டையும் புதுப்பித்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது.

“செங்கோட்டை எதுக்கு அண்ணாச்சி, வீணா?”

அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார்.

“மூத்தவன் சண்ட போட்டுட்டுப் போனாம்லா, அப்ப கடை அங்கன இருந்துது. இனி இந்தப் படியேறாதன்னு நாந்தான் சொன்னேன். அவனுக்குத் தெரிஞ்ச விலாசம் அது ஒண்ணுதான், தம்பி.”

அதன்பிறகு மோர்ஸ் கருவியில் செங்கோட்டை பேசும்போதெல்லாம் நானும் காத்திருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், சாரல் விழுந்த ஒரு நாள் அது வந்தது. விலாசம் ‘கருமணி செங்கோட்டை’. சீட்டில் வேறொருவரை உட்காரவைத்துவிட்டு, நானே கடைக்குக் கொண்டுபோனேன். அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் தெரியாது. வாசித்துச் சொன்னேன்.

“பம்பாயிலேருந்து, உங்க மகன். ஆண் குழந்தை பிறந்திருக்காம். உங்க பேரு வச்சிருக்காராம். வரலாமான்னு கேக்காரு.”

தராசுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

“வான்னு அடி.”

“இன்னும் கொஞ்சம் எழுதலாமே அண்ணாச்சி?”

“வேற என்னத்தச் சொல்ல?” என்றவர், நான் கிளம்பியதும் பதறிப்போய்க் கூப்பிட்டார். “தம்பி, தம்பி! கீழ விலாசத்துல தென்காசின்னு போட்டுரு. பச்சப்புள்ளயத் தூக்கிக்கிட்டு செங்கோட்டையில எறங்கி, பூட்டுன கடையப் பாத்துட்டுத் திரும்பிறப் போறான்.”

‘வா. கருமணி தென்காசி.’ என் சர்வீஸில் நான் அடித்த தந்திகளில் இது ஒன்றைத்தான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது மகளிடம் சொல்லிவிட்டேன். .காம் வாங்கிக்கொள், அம்மா. பழைய .இன்னை மட்டும் விட்டுவிடாதே.