முனிரத்னம் வீலுக்கு வைத்த பொட்டு

1. ஐந்து விரல்

சத்தியவேட்டுக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில், வண்ணப் பொடி தூவி ஓவனில் சுடுகிற பவுடர் கோட்டிங் லைனில் எனக்கு முதல் நாள். கழுவிக் காயவைத்த தகடுகளைக் கொக்கியில் மாட்டவேண்டும். கை வியர்க்கிறதென்று கிளவுஸைக் கழற்றினேன். எண்ணெய் வைத்த முடியை ஒதுக்கிக்கொண்டு அதே கையால் ஒரு தகட்டைப் பிடித்தேன். ஓவனிலிருந்து வந்த அந்தத் தகட்டில் என் ஐந்து விரலும் அச்சாகத் தெரிந்தன.

சூப்பர்வைசர் நெல்லூர்க்காரர். "ஏம்மா, கைரேகை வெக்கறதுக்கு இது ரிஜிஸ்டர் ஆபீஸா?" என்றார். லைனே சிரித்தது. அவர் அதோடு விட்டுவிட்டார்.

2. நான்கு வீல்

ஆறு வருடம் கழித்து எங்கள் இடத்துக்கு ரோபோ வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டலோடு வேலை, ஒரு மாதத்தில் பதில் சொல் என்றார்கள். என் இரண்டு பெண்களும் பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர்களை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசே இல்லை. மூடிப்போன பேக்கரியின் பழைய ஓவனையும் பவுடர் அடிக்கிற ஒரு சின்னக் கன்னையும் வாங்கி, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டேன். கார் பாகங்களுக்குக் கோட்டிங் போட்டே பிழைத்துவிடலாம் என்று ஒரு திமிர்தான்.

முதல் ஆளாக வரதய்யபாளையம் முனிரத்னம் வந்தான். டாக்ஸி ஓட்டுகிறவன்.

"அக்கா, நாளைக்குத் திருப்பதில தங்கச்சி கல்யாணம். பொண்ணு நம்ம வண்டிலதான் போவுது. நாலு வீலும் பளபளன்னு இருக்கணும்."

பழைய பெயின்டை எடுத்து, தின்னர் போட்டுக் கழுவி, நான்கையும் தொங்கவிட்டேன். சாப்பிட்டு வந்து கறுப்புப் பவுடர் அடித்து ஓவனில் ஏற்றினேன்.

கதவைத் திறந்தால், நான்கு வீலிலும் ஒரே இடத்தில் கொப்புளம்! அப்பளம் பொரிந்ததுபோல. கண்ணெதிரே ஹாஸ்டல் கட்டில்தான் தெரிந்தது. கன்னைப் பார்த்தேன், எர்த் கிளிப்பைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தன. அப்புறம்தான் முனிரத்னத்தின் விரல் நுனியைப் பார்த்தேன். மஞ்சள்.

"ஏம்ப்பா, வீலத் தொட்டியா?"

"தொடலக்கா. நீ துன்னப் போனப்ப, நல்லெண்ணெய்ல மஞ்சா கொயச்சி பொட்டுதான் வெச்சேன். கலர்ல தெரியுமோன்னு அப்பறம் துண்டால தொடச்சிட்டேன்."

துண்டால் துடைத்தால் எண்ணெய் போகுமா? அதுதான் சூட்டில் கொப்புளித்திருக்கிறது. கோபம் மண்டைக்கு ஏறியது. ஆனால் கழுவினதைத் தொடக்கூடாதென்று நான் அவனிடம் சொன்னேனா? சொல்லவில்லையே.

மொத்தமும் உரித்து மறுபடி போட நேரமில்லை. கொப்புளத்தை மட்டும் உலோகம் தெரியத் தேய்த்து, மற்ற இடமெல்லாம் லேசாக உரசித் துடைத்தேன். கோட்டிங்மேல் இரண்டாவது கோட்டிங் சும்மா அடித்தால் சரியாக ஒட்டாது. வீலைச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே அடிக்கவேண்டும். தொழிற்சாலையில் கெட்டுப்போனதைத் திருத்தும் ரீவொர்க்கில் பார்த்ததுதான். அப்படியே அடித்து ஓவனில் ஏற்றினேன். முனிரத்னம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

பொழுது சாயும்போது ஓவனைத் திறந்தேன். அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"தெறந்து பாருப்பா."

வீலில் எங்கள் இரண்டு பேர் முகமும் தெரிந்தது. முனிரத்னம் விசிலடித்துக் குதித்தான். எனக்கும் குதிக்கவேண்டும்போலத்தான் இருந்தது.

"இப்ப பொட்டு வெக்கட்டாக்கா?"

"ஆறட்டும். அப்பறம் ஒண்ணுக்கு நாலா வெச்சிக்கோ."

கல்யாணத்துக்கு வந்தவர்களில் இரண்டு பேர் மறுவாரமே காரோடு வந்து நின்றார்கள். ஸ்ரீபெரும்புதூருக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது மஞ்சள் குங்குமத் தட்டை நானே வைத்திருக்கிறேன், வீல் ஆறுகிற மேஜைமேல். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: கழுவின உலோகத்தைத் தொடாதீர்கள். தொட்டவரைத் திட்டாதீர்கள். அவர் வைத்தது ஒரு பொட்டு, நான் வைத்தது ஐந்து விரல்.