நம்ம ஊட்ல ஓடிக்கினு கீது

மிக்ஸி ஜாரின் மூடியைத் திறந்து ஒரு தரம் மோந்து பார்ப்பார். அப்புறம் ஜாரைக் காதோடு ஒட்டி ஆட்டுவார். பிளேடு உள்ளே லேசாகக் கடகடத்தால் போதும், முகம் கோணிப்போகும். "இது ஆவாது" என்று ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்த அட்டைப் பெட்டியைக் கத்தியால் கிழிக்க ஆரம்பிப்பார் ஜரினா. குமணன்சாவடி கூட்டுரோட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். அந்த அட்டை கிழிபடும் சத்தம்தான் பல நாள் என்னை எழுப்பியிருக்கிறது. பல் விளக்கக்கூட விடாமல் கீழே கூப்பிட்டு, புது கெட்டிலில் போட்ட டீயைக் கையில் திணித்து, "பிளாஸ்டிக் வாடை அடிக்குதா பாரு சார்" என்பார். அடித்தால் அடிக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். மரியாதைக்கு நல்லாயிருக்கு என்று சொல்லி ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஐம்பதை நெருங்கும் வயது. முக்காட்டைப் பிடித்திருக்கும் ஊக்கில் இன்னொரு ஊக்கும் தொங்கும், யாருக்காவது தேவைப்படுமாம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுவார். ஆவடியில் கட்டிக்கொடுத்த மகள் ஷிபாவோடு போனில் மெதுவாகப் பேசுவார். துபாயில் இருக்கும் தம்பி என்றால் தெருவே கேட்கிற மாதிரி கத்துவார். தூரம் அதிகம் இல்லையா, அதனால்.

அவர் செய்யும் தொழிலுக்கு அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்று பெயர். ஜரினா அதை "லிங்க் யாவாரம்" என்பார். இணையக் கடையில் விற்கும் ஒரு பொருளைப் பற்றி நாலு வார்த்தை சொல்லி, அதன் லிங்க்கை வாட்ஸப் குழுக்களில் போடுவது. அந்த லிங்க் வழியாகப் போய் யாராவது வாங்கினால் கடைக்காரர்கள் கமிஷன் தருவார்கள். கடை வேண்டாம், சரக்கு வேண்டாம். பான் கார்டும் பேங்க் கணக்கும் இருந்தால் போதும். வாயும் வேண்டும்; அது அவருக்குப் பிறவியிலேயே உண்டு.

கணவர் மஸ்தான் பாய் கூட்டுரோட்டில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ரிப்பேருக்கு வரும் பெண்கள், "புதுசு வாங்கினா எது நல்லது பாய்?" என்று கேட்பார்கள். அவர் பேசாத மனிதர். "ஊட்ல கேளுங்க" என்று மனைவி நம்பரைக் கொடுத்துவிடுவார். ஜரினாவும் சமையலைப் போட்டுவிட்டு அரைமணி நேரம் விளக்கம் சொல்வார். "எம்மா, சும்மா சொல்றத லிங்க்கோட சொன்னா காசாவது வரும்" என்று வழி காட்டியவள் ஷிபா.

யாவாரத்துக்கு ஜரினா ஒரு முறை வைத்திருந்தார். வீட்டில் வைத்துப் புழங்காத எதற்கும் லிங்க் கிடையாது. பொருள் வந்ததும் மஸ்தான் பாய் அடிப்பாகத்தைக் கழற்றி, உள்ளே சுற்றியிருப்பது செம்புக் கம்பியா அலுமினியமா என்று பார்ப்பார். அப்புறம் அது அடுப்படியில் மாவாட்டும், மல்லி பொடிக்கும், விருந்தாளிக்கு ஜூஸ் போடும். தேறினால் ஒரு வாய்ஸ் மெசேஜ். அதில் என்ன பேசினாலும் கடைசியில் இப்படித்தான் முடிப்பார்: "நம்ம ஊட்ல ஓடிக்கினு கீது. தெகிரியமா வாங்கு." பூந்தமல்லி, மாங்காடு, அம்பத்தூர்ப் பெண்கள் விலையைக்கூட அப்புறம்தான் பார்த்தார்கள். முதலில் இந்த வாக்கியம் வந்ததா என்று கேட்டார்கள்.

குழுக்கள் பெருகின. ஒரு குழு நிரம்பி அடுத்தது, அதுவும் நிரம்பி இன்னொன்று. இணையத்தில் வகுப்பு எடுக்கும் ஒருவன், கழுத்தில் டையோடு, "நீங்க தூங்கும்போதும் உங்க வியாபாரம் நடக்கணும். எல்லாத்தையும் நீங்களே செய்யாதீங்க, வேலையைப் பிரிச்சு வெளியே குடுங்க" என்றான். நல்ல யோசனையாகத்தான் இருந்தது. எனக்கும் அப்படித்தான் பட்டது. மாங்காட்டில் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்த ஜெனிஷா என்ற படித்த பெண்ணிடம் பதிவு எழுதும் வேலையை ஒப்படைத்தார். பொருளைத் தேடுவது, படம் எடுத்துப் போடுவது, வர்ணனை எழுதுவது எல்லாம் அவள் பொறுப்பு. "எழுத்தெல்லாம் உன்னுது. ஆனா கடைசில நான் சொல்றத அப்பிடியே போட்டுடு, அது இல்லேன்னா என் வார்த்தைன்னு யாரும் நம்ப மாட்டாங்க" என்று அந்த வாக்கியத்தை டைப் செய்தே அனுப்பிவைத்தார்.

ஜெனிஷா கெட்டிக்காரி. தினம் ஏழெட்டுப் பொருள் பிடித்தாள். அத்தனையையும் வீட்டில் வாங்கிப் புழங்க எந்த அடுப்படியில் இடம் இருக்கிறது? ஆரம்பத்தில் அவள் ஒவ்வொன்றுக்கும், "அக்கா, இது வீட்ல இருக்கா? அந்த லைன் போடலாமா?" என்று கேட்டாள். ஜரினா பார்த்துப் பதில் சொன்னார். போகப்போகப் பார்க்காமலே கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டார். ஒரு நிக்காஹ் வீட்டில் பந்தி பார்த்துக்கொண்டிருந்தபோது வந்த கேள்விக்கும் அந்தக் கட்டைவிரல்தான் போனது. அது வீட்டிலேயே சர்க்கரை அளவு பார்க்கும் ஒரு சின்ன மிஷின். பேர் தெரியாத கம்பெனி, பாதி விலை.

மஸ்தான் பாய்க்குச் சர்க்கரை உண்டு. அது ஊருக்கே தெரியும். ஆனால் ஊசி என்றால் அவருக்கு நடுக்கம். மாதம் ஒரு தரம் கண்ணை மூடிக்கொண்டு லேபில் கையை நீட்டுவதோடு சரி. அந்த வீட்டுக்குள் அப்படி ஒரு மிஷின் வந்ததே இல்லை.

எதிர் வீட்டில் பல வருஷம் இருந்தவர்கள் பால்ராஜும் ரோஸியும். பால்ராஜுக்குக் குட்டியானை வண்டி, அம்பத்தூர் எஸ்டேட்டில் லோடு. வேலைக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று மண்ணூர்பேட்டைக்குக் குடிபோனார்கள். போனாலும் ரம்ஜானுக்கு இங்கிருந்து பிரியாணித் தூக்கு போகும், கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து கல்கல் பலகார டப்பா வரும். இரண்டு வீட்டு ஆண்களுக்கும் சர்க்கரை வந்ததுகூட ஒரே வருஷம். அதை வைத்தே இருவரும் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வார்கள். ரோஸி குழுவில் அந்தப் பதிவைப் பார்த்தார், கீழே தோழியின் வாக்கியத்தைப் படித்தார், வாங்கிவிட்டார். வாங்கியதைச் சொல்லவில்லை. சொன்னால் ஜரினா காசு வாங்காமல் தானே அனுப்பிவிடுவார் என்று கூச்சம்.

மிஷின் எப்போது பார்த்தாலும் நூற்றி முப்பதைத் தாண்டாது. பால்ராஜுக்கு ஏகப்பட்ட குஷி. லேபுக்குப் போவதை விட்டார், மாத்திரையைக் குறைத்துக்கொண்டார். குதிகாலில் ஒரு சின்னப் புண் வந்தது. சர்க்கரைதான் கட்டுக்குள் இருக்கிறதே, ஆறிவிடும் என்று மஞ்சளைப் பூசிக்கொண்டு வண்டி ஓட்டினார். காய்ச்சல் கண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது ரத்தத்தில் சர்க்கரை மிஷின் காட்டியதைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. கால் முழங்காலுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது.

ரோஸி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கேதான் வந்தார். பார்சல் ஒன்று வாங்க நான் கீழே நின்றிருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை அவர்.

"அண்ணன் எங்க? இன்னிக்கே லேபுக்கு இட்டுகினு போ. அந்த மிஷின நம்பாத ஜரினா. இவருக்குக் காலை எடுக்கணுன்றாங்க. அங்க படுத்துகினு, பாயும் அதத்தான் நம்பிகினு கீறாரு, போய்ச் சொல்லு போய்ச் சொல்லுன்னு என்னப் புடிச்சித் தள்றாரு."

"எந்த மிஷினு?"

ரோஸி போனைத் திறந்து நீட்டினார். ஜரினா நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டு படித்தார். கீழே போய், மேலே வந்து, மறுபடியும் கீழே போனார். என்ன நடந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. மாடிக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது.

"யா அல்லா" என்றார் ஜரினா. அப்புறம், "அது எங்க ஊட்ல இல்ல ரோஸி. ஒரு நாளும் இருந்ததில்ல. நான் கண்ணாலகூடப் பாக்கல" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். எச்சரிக்க வந்தவரே பொய்யைக் கையில் கொடுத்துத்தானே நின்றார்? ஆமாம், எங்க வீட்லயும் அதே மிஷின்தான், நாங்களும் ஏமாந்தோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பெண்களும் கட்டிக்கொண்டு அழுதிருப்பார்கள். இருபது வருஷப் பழக்கத்துக்கு ஒரு கீறல் விழுந்திருக்காது. ஜரினா அதைச் செய்யவில்லை. அதற்காக அவரை மெச்ச எனக்கு அன்று மனசு வரவில்லை. ரோஸியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரோஸி திட்டவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தபோது வாங்கவில்லை. அப்புறம் எழுந்து, புடவையை உதறிக்கொண்டு சொன்னார்: "அவராண்ட மட்டும் இத சொல்லிடாத. நான் மட்டும் ஏமாறல, பாயும் என்கூடத்தான் ஏமாந்தாருன்னு நெனச்சிகினு கீறாரு. அந்த ஒண்ணுலதான் அவரு கொஞ்சம் தெம்பா கீறாரு. அதையும் புடுங்கிடாத." சொல்லிவிட்டு, ஆட்டோவைக்கூடப் பார்க்காமல் ரோட்டை நோக்கி நடந்தார்.

பால்ராஜ் எதிலும் இல்லாத அந்தப் பெண்கள் குழுக்கள் எல்லாவற்றிலும் ஜரினா அன்றே தன் குரலிலேயே சொன்னார்: அந்த மிஷின் தன் வீட்டில் இருந்ததில்லை, வாங்கியவர்கள் தூக்கிப் போடுங்கள், லேபுக்குப் போங்கள், தப்பு தன்னுடையது. சிலர் திட்டினார்கள், பலர் வெளியேறினார்கள். ஜெனிஷா போனில் விக்கி விக்கி அழுதாள். "நீ ஏன்டி அழுவுற? நீ கேட்ட. பாக்காம வெரலத் தூக்கினது நானு" என்றவர், வேலையைத் தானே திரும்ப எடுத்துக்கொண்டார். இப்போது யாராவது ஒரு பொருளைக் கேட்டால், வீட்டில் இருந்தால் உண்டு, இல்லையென்றால், "தெர்லம்மா, நான் பாக்கல" என்கிறார். கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. முன்பெல்லாம் எதையும் சொல்லாமல் விடமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் புருஷனும் மனைவியுமாக மண்ணூர்பேட்டைக்குப் போகிறார்கள். பால்ராஜ் வரச்சொல்லி ஆள்மேல் ஆள் விடுகிறார், மறுக்க முடியாது. போன வாரம் நானும் கூடப் போயிருந்தேன். வண்டியை விற்றாகிவிட்டது. ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் அவர். மடித்துக் குத்திய லுங்கிக்குக் கீழே ஒரு கால்தான் இருந்தது. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா பாய், குந்து. காலக் காட்டு."

"வேணாம் பால்ராஜு, நல்லாத்தான் கீது" என்றார் மஸ்தான் பாய். அவர் பார்வை தரையில் இருந்தது.

"நல்லாத்தான் கீதுன்னு நானும்தான் சொல்லிகினு இருந்தேன். என்னாச்சி? எவ்ளோ நாளு அந்தப் பாழாப்போன மிஷின நம்பிகினு மாத்திரையக் கொறச்சியோ, யாருக்குத் தெரியும்? நாமதான் உஷாரா இருக்கணும். குடு காலை."

மஸ்தான் பாயின் பாதத்தை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக்கொடுத்த மாதிரி, பஞ்சால் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டு, "தெரியுதா? இங்க? இங்க தெரியுதா?" என்று கேட்டார். மஸ்தான் பாய் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ரோஸி டீத் தட்டோடு வாசற்படியில் நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை.

பால்ராஜ் குனிந்து, கட்டைவிரலையும் அடுத்த விரலையும் பிரித்துப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். "இங்கதான் மொதல்ல வெடிக்கும். வெளிச்சம் பத்தல. ஜரினா, அந்தப் போன்ல லைட்டு இருந்தா கொஞ்சம் காட்டும்மா."

ஜரினா வந்து தரையில் மண்டியிட்டார். போனைத் திருப்பி விளக்கைப் போட்டு, விரலிடுக்கில் வெளிச்சம் விழும்படி இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோனார்.