சித்தப்பாவுக்கு வந்த குமாஸ்தா வேலை

பெங்களூரில் ஒரு சோப்புக் கம்பெனியில் பெரிய சேல்ஸ் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர் எங்கள் சித்தப்பா. கல்யாண வீடுகளில் இளவட்டங்களைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு, தாம் முன்னுக்கு வந்த கதையை அளப்பார். அன்றைக்கு நாயாய் அலைந்த என்னைப் பற்றி அதில் ஒரு வார்த்தை வராது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பாப்பாரப்பட்டியில் தெருத்தெருவாக மாட்டு வண்டியில் போய், தகரக் குழாயை வாயில் வைத்து, டென்ட் கொட்டகைப் படத்துக்கு விளம்பரம் கத்துவதுதான் சித்தப்பாவின் உத்தியோகம். பி.யூ.சி. படித்தவர்! அப்பாவுக்கு மானம் போயிற்று. பங்குச் சாமியாரிடம் கெஞ்சிக் கூத்தாடி, தருமபுரியில் ஒரு மிஷன் பள்ளியில் குமாஸ்தா வேலைக்குச் சொல்லி வைத்தார். அன்று மத்தியானத்துக்குள் நேரில் போய் நிற்க வேண்டும். தவறினால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். சித்தப்பாவோ விடிந்ததும் வண்டியேறிவிட்டார். அம்மா சலவைச் சட்டையை என் கையில் திணித்து, "உங்க சித்தப்பன பஸ் ஏத்தாம வூட்டுப் பக்கம் வந்துறாத" என்று விரட்டினாள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. வண்டியைப் பிடித்துவிட்டேன், மனிதரை இறக்க முடியவில்லை. கன்னடக்காரர் தெருவில் கன்னடத்திலேயே மாமியார் கொடுமை என்றார். பெண்கள் முந்தானையில் மூக்கைச் சிந்தினார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் தெருவில் அதே படம் கத்திச் சண்டையாகிவிட்டது. எங்கள் மாதா கோயில் தெருவிலோ, "கோயில் மணி தானா அடிக்கிற அற்புதம் வருதுங்க, குடும்பத்தோட வாங்க!" அந்தப் படத்தை நான் பார்த்திருந்தேன். அதில் மணியும் கிடையாது, கோயிலும் கிடையாது.

"ஏன் சித்தப்பா இப்படிப் புளுகறீங்க? பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாங்க!"

"இரு கண்ணு. யாருக்கு என்ன புடிக்குமோ அதத்தான சொல்றேன். இந்தா, இந்த நோட்டீஸக் குடு."

ஒரு கையில் சட்டை, ஒரு கையில் நோட்டீஸ். சே, என்ன பிழைப்பு!

ஒருவழியாகக் கடைசித் தெருவும் முடிந்தது. சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டார். மெயின் ரோட்டில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ஓடினால் பிடித்துவிடலாம். சித்தப்பா தலையைச் சாய்த்து நன்றாகக் கேட்டுவிட்டு, வண்டிக்காரரிடம், "அண்ணா, கன்னடக்காரர் தெருவுக்கு இன்னொருக்கா வுடுங்க" என்றார். நான் போட்ட கூச்சல் குழாய்ச் சத்தத்தில் எடுபடவே இல்லை.

திரும்பி வந்தபோது ரோட்டில் புழுதிதான் மிச்சம். அடுத்த பஸ் சாயங்காலம்தான்.

"அடடா, போயிடுச்சே கண்ணு" என்றார்.

வேலை போயிற்று. அதுவரை இருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ, எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. "விடுங்க சித்தப்பா, வேற வேலை கெடைக்கும், மாதாகிட்ட நான் வேண்டிக்கறேன்" என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவர் சட்டென்று குழாய்க்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. பாவம், மனிதர் இப்படித் தேம்புகிறாரே என்று, வீடு வரும்வரை அவருக்காக ஓவென்று அழுதேன்.