அக்காவின் கடலை ஒவ்வாமை

மைசூரில் என் ஆபீஸ் கேன்டீனில் அன்று இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னி. நான் சிறுவயதிலிருந்தே கடலைப் பைத்தியம். இரண்டாவது இட்லி முடிவதற்குள் உதடு தடித்துவிட்டது. கழுத்தெல்லாம் அரிப்பு. கைகழுவும் இடத்துக் கண்ணாடியில் பார்த்தால், முகம் முழுக்கச் சிவந்த தடிப்புகள். பயந்துவிட்டேன்.

பயந்ததற்குக் காரணம் இருந்தது. இரத்தப் புற்றுநோய்க்காக எனக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. என் மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டு, கொள்ளேகாலில் இருக்கும் அக்காவின் ஸ்டெம் செல்களை இரத்தம் ஏற்றுவதுபோல ஏற்றியிருந்தார்கள். அவை என் எலும்புக்குள் குடியேறிப் புது இரத்தத்தை உண்டாக்க வேண்டும். ஆனால் புதிதாகப் பிறக்கும் வெள்ளணுக்கள் சில சமயம் என் உடம்பையே எதிரியாக நினைத்துத் தாக்கலாம், தோலில் தடிப்பு கண்டால் உடனே ஓடி வாருங்கள் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார்.

ஆட்டோ பிடித்து ஓடினேன். ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் தடிப்பு மடமடவென்று அடங்கியது. டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார்.

"நான் பயந்த விஷயம்னா இப்படிச் சட்டுனு அடங்காதே. என்ன சாப்பிட்டீங்க?"

சொன்னேன்.

"உங்க அக்காவுக்குக் கடலை ஒத்துக்குமா?"

எனக்குச் சுரீரென்றது. அங்கேயே அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"கடலையா? ஒரு பருப்பு வாயில பட்டாலே எனக்கு மூஞ்சி வீங்கிரும்னு உனக்குத் தெரியாதாடா? ஏன் கண்ணு, என்னாச்சு?"

டாக்டரம்மா மேசையைத் தட்டிச் சிரித்தார். "நோடி, இங்க பாருங்க, உங்க உடம்புல இப்போ இருக்கிற வெள்ளணுக்கள் அக்காவோட ஸ்டெம் செல்லுல இருந்து வந்தது. கடலையைக் கண்டா அவங்க உடம்புல எப்படிச் சண்டைக்கு நிக்குமோ, அப்படியே இங்கயும் நிக்குது. எல்லாருக்கும் இப்படி ஆகாது. எதுக்கும் டெஸ்ட் பண்ணிப் பார்த்திடலாம்."

வீங்கிய உதட்டோடு நானும் சிரித்தேன். இத்தனை மாதமும் கண்ணுக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருந்த ஒன்று என் முகத்திலேயே வந்து நின்றிருக்கிறது!

டெஸ்ட் முடிவு வந்த அன்று அக்கா முதல் பஸ் பிடித்து மைசூர் வந்துவிட்டாள். ஒவ்வாமை உறுதியாகியிருந்தது. இனிக் கடலையைத் தொடவே கூடாது, அவசர மருந்து எப்போதும் கையில் இருக்க வேண்டும். அதோடு, என் இரத்தத்தில் இருப்பது முழுக்க அக்காவின் அணுக்கள்தான், நோயின் தடமே இல்லை என்றார் டாக்டரம்மா.

அக்கா வராந்தாவுக்கு ஓடிவந்து மாமாவுக்குப் போன் போட்டாள். "ஏனுங்க! தம்பிக்கும் கடலை ஆகாதாமுங்க! ரத்தமெல்லாம் என்னோடதாமுங்க!"

வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெதுவாகப் பேசச் சொல்லி நர்ஸ் கை காட்டினார். அக்கா கவனிக்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே அடுத்த நம்பரைத் தேடிக்கொண்டிருந்தாள்.