தும்மல்காரர் வாங்கிய ஹெல்மெட்

லிஃப்ட் மெக்கானிக்கைக் கம்பெனியில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘தும்மல்’ என்றால் போதும், காவலாளி முதல் முதலாளி வரை எல்லோருக்கும் புரியும். நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகாதவர், எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவர். வருஷக்கணக்காக லிஃப்ட் குழிக்குள் தூசி தின்றதாலோ, பிறவியிலேயே மூக்கு அப்படித்தானோ, ஒரு தும்மல் கிளம்பினால் அதன் பின்னால் ஒரு படையே கிளம்பும்.

ஒரு நாள் பைக்கில் போகும்போது படை கிளம்பிவிட்டது. தலையில் முகத்தை முழுக்க மூடிய ஹெல்மெட். முதல் தும்மலிலேயே கண்ணாடி பனிமூட்டமாகிவிட்டது. அடுத்தடுத்து வந்தவற்றில் சாலை எங்கே, தான் எங்கே என்றே தெரியவில்லை. கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தபோது செடி விற்கிற இடத்தில் ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். அடி ஒன்றுமில்லை. காலரில் ஒரு மொட்டு மட்டும் சிக்கியிருந்தது.

அவருடைய அக்கா பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர். தம்பி வந்த கோலத்தைப் பார்த்ததும் பைக் சாவியைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

“மூஞ்சியைத் திறக்கிற மாதிரி ஒரு ஹெல்மெட் வாங்குற வரைக்கும் சாவி எங்கிட்டதான் இருக்கும். அதுவரைக்கும் என் பஸ்ல வா.”

“பஸ்லயா? எனக்கு என்ன வயசுக்கா ஆகுது?”

“அந்த யோசனை ரோஜாச் செடிக்குள்ள போறப்ப வந்திருக்கணும்.”

மறுநாள் காலை குட்டிப் பிள்ளைகளுக்கு நடுவே முழங்காலை மடித்து, சாப்பாட்டுப் பைகளை மடியில் சுமந்துகொண்டு வேலைக்குப் போனார். அவர் தும்மத் தும்ம பஸ்ஸே கைதட்டியது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அவருக்கு அன்று சாயங்காலமே ஹெல்மெட் கடைக்குப் போயாக வேண்டும் என்றாகிவிட்டது.

கடை ஒரு பழைய நாலுமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. அதைத் தனியாக நடத்தியவரைக் கடைக்காரம்மா என்று எல்லோரும் கூப்பிட்டாலும், வயது மெக்கானிக்கைவிட ஒன்றிரண்டு குறைவுதான். கொண்டையில் பென்சில் செருகியிருந்தார்.

மெக்கானிக் நேரே போய்ப் பளபளவென்று சிவப்பாக மின்னிய ஒன்றைக் கையில் எடுத்தார்.

“கலரை அப்புறம் பார்க்கலாம். முதல்ல தலையைக் குடுங்க” என்றார் கடைக்காரம்மா.

நாடாவைப் புருவத்துக்கு மேலே சுற்றி அளந்தார். உள்ளே போய்க் கறுப்பாக ஒன்றைக் கொண்டுவந்து, அதன் தாடைப் பக்கத்தை மேலே தூக்கிவிட்டு அவர் தலையில் இறக்கினார். பிறகு தாடையைக் கீழே இழுத்தார். ‘டக்’ என்று பூட்டிக்கொண்டது.

“கன்னம் அமுங்குதா?”

“மீன் மாதிரி ஆயிட்டேன்.”

“அதான் சரி. போகப் போகப் பஞ்சு இளகிடும். இப்பவே லூசா இருந்தா அப்புறம் தலைக்குள்ள சுத்தும்.” அவர் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் ஆட்டினார். ஹெல்மெட்டோடு சேர்ந்து மெக்கானிக்கின் முகமும் ஆடியது. “பார்த்தீங்களா? தனியா ஆடக்கூடாது. கொஞ்சம் கனமாத்தான் இருக்கும், காத்துச் சத்தமும் கொஞ்சம் கூடக் கேட்கும்.”

“ஓட்டுறப்ப தும்மல் வந்தா டப்புனு தூக்கிக்கலாம், இல்லையா?”

“கூடாது! ஓட்டுறப்ப மூடி, பூட்டித்தான் இருக்கணும். தும்மல் வர்ற மாதிரி இருந்தா ஓரம் கட்டுங்க, வண்டியை நிறுத்துங்க, இந்தப் பட்டனை அமுக்கித் தூக்குங்க, அப்புறம் நிம்மதியாத் தும்முங்க.”

சொல்லி வாய் மூடவில்லை, புது அட்டைப்பெட்டியின் தூசி மூக்கில் ஏறிவிட்டது. மெக்கானிக் பதறிப் பட்டனைத் தேடினார். கிடைத்தது. தாடை மேலே போனதும் கிளம்பியது படை. முதல் தும்மலில் விலைச்சீட்டுகள் பறந்தன. மூன்றாவதில் பின்னால் நகர்ந்து ஒரு அடுக்கின்மேல் சாய, ஹெல்மெட்டுகள் பூசணிக்காய்களைப்போல் ஒவ்வொன்றாகத் தரையில் உருண்டன. கடைக்காரம்மா சிரிக்க ஆரம்பித்தவர், நிற்க முடியாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் வழிய, “நிறுத்துங்க, ஐயோ, வயிறு வலிக்குது” என்றார். மெக்கானிக் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தச் சிரிப்பில் அவருக்கு எதுவோ ஆகிவிட்டது.

வீட்டுக்குப் போன வழியில் அவருக்குத் தரையில் கால் பாவவில்லை. சாவி கைக்கு வந்த மறுநாளிலிருந்து, மூடிய ஹெல்மெட்டுக்குள் வாய்க்கு வந்ததையெல்லாம் பாடிக்கொண்டு ஓட்டினார். சிக்னலில் நின்றால் தாடையைத் தூக்கிப் பக்கத்து வண்டிக்காரரிடம், “நல்ல காத்து, இல்லைங்களா?” என்பார். பச்சை விழுந்ததும் ‘டக்’. சிலர் சிரித்தார்கள், சிலர் அவசரமாக விலகிப் போனார்கள்.

அதன் பிறகு கடையில் அவருக்கு ஓயாத வேலை. ஒரு நாள் கண்ணாடி லூஸ். இன்னொரு நாள் பட்டன் இறுகிவிட்டது. அடுத்த நாள் உள்பஞ்சை எப்படித் துவைப்பது என்று கேட்க வேண்டியிருந்தது.

“அதுல இன்னும் என்னடா ரிப்பேர் பாக்கி?” என்றார் அக்கா.

“ஒன்னுமில்லக்கா, சும்மா.”

“சும்மாவுக்கா தலைக்கு எண்ணெய் வெச்சுப் படிய வாரியிருக்க?”

ஒரு மதியம் கம்பெனிக்கு அழைப்பு வந்தது. அந்த நாலுமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது, உள்ளே ஒரு பெண். கட்டடத்தின் பேரைக் கேட்டதுமே மெக்கானிக் பைக்கில் ஏறிவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றவும் மறந்து படியேறி ஓடி, தாடையைத் தூக்கிவிட்டு, கதவிடுக்கில் முகத்தை வைத்துக் கத்தப் போனார். வாயைத் திறந்ததும் வந்தது தும்மல்தான், படையோடு.

உள்ளேயிருந்து குரல் கேட்டது: “அப்பாடா! நீங்களா? இனிமே பயமில்லை.”

“தனியாவா இருக்கீங்க?”

“மேல்மாடிக் குடோன்லேர்ந்து எடுத்த பன்னிரண்டு ஹெல்மெட் துணைக்கு இருக்கு.”

“கதவைத் தள்ளாதீங்க. உட்காருங்க. மேல போய் மெயினை ஆஃப் பண்ணிட்டுக் கையாலேயே இறக்கிடுறேன்.”

போகத் திரும்பியவர் மறுபடி இடுக்குக்கு வந்தார். முகத்தைப் பார்க்காமல் பேசுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

“உங்ககிட்ட ஒன்னு கேட்கணும். பட்டன் இறுகவே இல்லை.”

“தெரியும்.”

“கண்ணாடியும் லூஸ் இல்லை.”

“அதுவும் தெரியும். நான்தானே டைட் பண்ணேன்.” பெட்டிகளைத் தள்ளி நகர்த்துகிற சத்தம் கேட்டது. “முதல்ல என்னை இறக்குங்க. நின்னுட்டு இருக்கிற லிஃப்ட்டுக்குள்ள சரின்னு சொன்னா, பயத்துல சொன்னேன்னு ஊர் சொல்லும்.”

மெக்கானிக் படிகளை எப்படித் தாண்டினார் என்று அவருக்கே தெரியாது. மேலே போய் மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்தித் தளர்த்தி லிஃப்ட்டை மாடி மட்டத்துக்கு இறக்கிவிட்டு, ஓடிவந்து கதவைத் திறந்தார். கடைக்காரம்மா பெட்டிகளுக்கு நடுவிலிருந்து எழுந்து, ஒரு காலை வெளியே வைத்து, “இப்பச் சொல்றேன், சரி” என்றார்.

கல்யாணம் எளிமையாக முடிந்தது. முதல் விடுமுறையில் இருவரும் ஒரே பைக்கில் கிளம்பினார்கள். கடைக்காரம்மா தனக்கென்று வெளிர்நீலத்தில் ஒன்று எடுத்து வைத்திருந்தார். பிரேக் போடும்போதெல்லாம் இரண்டு ஹெல்மெட்டும் ‘டொக்’ என்று முட்டிக்கொண்டன.

“மெதுவாப் பிடிங்க பிரேக்கை!”

“நீ தள்ளி உட்காரு!”

“முடியாது!”

ஊரைத் தாண்டியதும் வழி தப்பிவிட்டது. வழிகாட்டிப் பலகையைப் பார்த்தவர் யார், பேசிக்கொண்டே அதைத் தவறவிட்டவர் யார் என்று கொஞ்ச நேரம் சண்டை. அதற்குள் சாலை ஒரு மேட்டில் ஏறிச் சட்டென்று கீழே சரிந்தது. இரண்டு பக்கமும் புல்வெளி, எதிரே வண்டி ஒன்றுகூட இல்லை. கடைக்காரம்மா அவர் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குழந்தையைப்போலக் கூவ, பைக் சரிவில் இறங்கியது.