கன்னியப்பன் குடித்திருந்தது மோர்

கன்னியப்பன் இறந்த செய்தி எனக்கு விழுப்புரம் பேருந்து நிலையத்தில் கிடைத்தது. மரம் அறுக்கும் மிஷினின் சங்கிலி இரண்டு இடத்தில் விட்டுப்போனதால், அதைச் சரிசெய்ய லேத் பட்டறைக்கு வந்திருந்தேன். வேலை முடிந்து டீக்கடையில் நின்றபோது, திண்டிவனத்திலிருந்து வந்த பஸ்ஸில் இறங்கிய ஒருவர் கடைக்காரரிடம் சொன்னார்: "கூட்டேரிப்பட்டாண்ட புளியமரத்துலேர்ந்து ஒருத்தன் விழுந்து செத்துட்டான்பா. தண்ணி போட்டுக்கினு ஏறிக்கிறான். ஒரு மணி நேரம் பஸ்ஸ நிறுத்திட்டாங்க. ஒரே பேஜாரு."

அன்று கூட்டேரிப்பட்டில் மரம் ஏறும் வேலைக்குப் போயிருந்தவர் கன்னியப்பன் ஒருவர்தான். சாவும் அவதூறும் ஒரே வாயிலிருந்து, ஒரே மூச்சில் என்னிடம் வந்து சேர்ந்தன. இன்றுவரை எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது.

ஒன்பது வருடம் அவரோடு வேலை செய்தேன். அவர் மேலே, நான் கீழே. அவர் கிளையை வெட்டுவார். நான் கயிற்றை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்து, கிளையை மெல்ல இறக்குவேன். அவரை அறிந்த நம் ஊர்க்காரர்களான உங்களுக்கு இது தெரியும். தெரிந்திருந்தும் உங்களில் சிலர், "குடிச்சிருப்பான், வேற என்ன?" என்று தலையாட்டியதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் குடிப்பார். அதை நான் மறைக்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாராயக் கடைக்குப் போவார், திரும்பி வரும்போது தெருவே கேட்கும்படி பாடுவார். ஆனால் திங்கட்கிழமை அவர் மரம் ஏறி யாராவது பார்த்திருக்கிறீர்களா? கிளியனூரில் ஒரு பெரிய விவசாயி, கூரைமேல் சாய்ந்த ஒரு முருங்கைக் கிளையை வெட்டித் தரச் சொல்லித் திங்கட்கிழமை காலையில் கூப்பிட்டார். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது, அவ்வளவுதான். "நேத்து குடிச்சிக்கிறேங்க. ஒடம்புல இன்னும் கீது. நாளைக்கு வர்றேன்," என்றார் கன்னியப்பன். அந்த விவசாயிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கன்னியப்பன் மறுநாள்தான் போனார்.

கோட்டக்குப்பத்து பாய் ஒருவர் வளைகுடாவிலிருந்து அந்த அறுக்கும் மிஷினைக் கொண்டுவந்து எங்களிடம் கொடுத்தபோது நடந்த பேச்சும் நினைவிருக்கிறது. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினால் வேலை ஜல்தியாக முடியும் என்றார் பாய். நானும் ஆமாம் போட்டேன். கன்னியப்பன் மிஷினைத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், கீழே வைத்தார். "இதுக்கு ஒரு கவுறு, எனக்கு ஒரு கவுறு. ரெண்டு பேரும் ஒரே கவுத்துல தொங்குனா, ஒருத்தன் விழுந்தா இன்னொருத்தனும் விழணும். இது விழுந்தா பாய் வேற வாங்கியாருவாரு. நான் விழுந்தா?" பாய் வாய்விட்டுச் சிரித்தார். அன்று முதல் மிஷின் தனிக் கயிற்றில்தான் மேலே போனது.

ஓமந்தூரில் ஒரு நாள் நானே அவரிடம் எரிந்து விழுந்தேன். ஏறுவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு, கயிற்றை முழம் முழமாக விரலால் தடவிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் ஆகியும் முடியவில்லை. "பொண்ணு பாக்க வந்த மாதிரி பாத்துக்கினு கீறியே, ஏறுண்ணே!" என்றேன். அவர் என் விரலைப் பிடித்து ஓர் இடத்தில் வைத்தார். மேல்புரி நன்றாக இருந்தது. உள்ளே எலி கடித்திருந்தது. "நீ புடிக்கிற முனை நீ பாத்துக்க. நான் தொங்குற முனைய நான்தான் பாக்கணும்," என்றார். இப்படிப்பட்டவர் கயிற்றைப் பார்க்காமல் ஏறினார் என்று யாராவது சொன்னால், அவரை அறியாதவர்கள் வேண்டுமானால் நம்பட்டும்.

அவர் இறந்த அன்று நடந்ததை அஞ்சலைதான் எனக்குச் சொன்னார். வெட்டிய தழைகளைக் கூட்டி அள்ளும் வேலை அவருடையது. சாலையை அகலப்படுத்த மரங்களை வெட்டும் காண்ட்ராக்டர், எங்கள் கயிறுகளை எங்களைக் கேட்காமலே எடுத்து, கட்டை ஏற்றிய லாரியில் பாரம் கட்ட அனுப்பிவிட்டார். கன்னியப்பன் வந்து சேர்வதற்குள் லாரி ஆள் ஒருவனைக் கோடாரியோடு மரத்தில் ஏற்றியும் விட்டிருந்தார். அவன் கிளையின் கீழ்ப்புறம் முதலில் போடவேண்டிய அடிவெட்டைப் போடாமல் மேலே இருந்து கொத்தியதில், பெரிய கிளை ஒன்று பாதி முறிந்து, நாரில் மட்டும் ஒட்டிக்கொண்டு சாலைக்கு மேலே தொங்கியது. அவன் பயந்து இறங்கிவிட்டான்.

"கவுறு வர்ற வரைக்கும் ரோட்ட மூடுங்க," என்றார் கன்னியப்பன்.

"ஆபீசர் ஜீப்பு வருது. ரோடு தொறந்து இருக்கணும். நீ ஏறு," என்றார் காண்ட்ராக்டர்.

"மாட்டேன்."

"அப்போ வண்டிங்க அடியில போவட்டும். விழும்போது விழட்டும்."

திண்டிவனத்திலிருந்து பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. கன்னியப்பன் சிவப்புத் துணியை அஞ்சலையின் கையில் திணித்தார். "ரோட்டு நடுவுல நில்லும்மா. யாரு கத்துனாலும் வுடாத." அஞ்சலை நின்றார். பஸ்ஸும் நின்றது. காண்ட்ராக்டர் அஞ்சலையின் கையிலிருந்த துணியைப் பிடுங்க வந்தார், ஓட்டுநர் ஹாரனை விடாமல் அடித்தார், உள்ளே இருந்தவர்கள் ஜன்னல் வழியே திட்டினார்கள். இனி அதிக நேரம் நிறுத்திவைக்க முடியாது என்று கன்னியப்பனுக்குத் தெரிந்துவிட்டது. அங்கே மிச்சமிருந்தது வண்டி இழுக்கும் பழைய கயிறு ஒன்று. அதைத் தடவிப் பார்த்தார். "இது ஆவாது," என்று அஞ்சலையிடம் சொன்னார். சொல்லிவிட்டு அதையே இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினார்.

கிளையை வெட்டிவிட்டார். அது வெறும் சாலையில் விழுந்தது. விழும்போது கொடுத்த உதையில் அவர் நின்ற கிளை ஆடியது, கால் தவறியது, கயிறு அறுந்தது.

கீழே காண்ட்ராக்டர் முதலில் சொன்ன வார்த்தை, "குடிச்சிட்டு ஏறாதன்னு சொன்னேனே!" என்பது. பஸ்ஸில் இருந்தவர்கள் அதைத்தான் கேட்டார்கள். தங்கள் தலைமேல் விழவிருந்ததை வெட்டித் தள்ளிய மனிதனைக் குடிகாரன் என்று சொல்லிக்கொண்டே விழுப்புரம் வந்து இறங்கினார்கள். டீக்கடையில் நான் பார்த்தது அவர்களில் ஒருவரை.

உடலை அறுத்துப் பார்த்த டாக்டர், சாராயத்தின் சுவடே இல்லை, கேப்பைக் கூழும் மோரும்தான் இருந்தன என்று எழுதிக் கொடுத்தார். மோரை வாங்கிக் கொடுத்தது அஞ்சலை. போலீஸ் நிலையத்தில், "உன்ன யாரு கேட்டது?" என்று விரட்டியும் அவர் நகரவில்லை. கயிறு போன கதையையும் காண்ட்ராக்டர் சொன்னதையும் சொல்லிக் கைநாட்டு வைத்த பிறகுதான் வெளியே வந்தார். அறுந்த கயிறு மட்டும் கிடைக்கவில்லை. அன்று மாலைக்குள் அதை யாரோ எரித்துவிட்டார்கள்.

காண்ட்ராக்டர் இன்னும் அதே சாலையில் வேலை செய்கிறார். போன வாரம் என் வீட்டுக்கு வந்து மிச்ச மரங்களுக்கு மிஷினோடு வரச் சொன்னார். போனவனைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது என்று அறிவுரையும் சொன்னார். என் மனைவி எழுந்து கதவைச் சாத்தினாள்.

கன்னியப்பனின் அரிவாளை அவர் மகள் என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை, அது அவர்கள் வீட்டில் இருக்கட்டும். துக்கமும் அவர்களுடையது. அவர் விஷயத்தில் நான் வைத்துக்கொள்வது இந்தக் கோபம் ஒன்றைத்தான். நாளாக நாளாக ஆறிவிடும் என்கிறீர்கள். விசாரணைக்குக் கூப்பிடும் நாளில் அஞ்சலையோடு நானும் போய் நிற்க வேண்டும். அதுவரை இது ஆறக்கூடாது.